நல்ல கைக்கு உறை

இந்த ஊரில் நன்றாக வேலை செய்கிற கைக்குத்தான் உறை மாட்டுகிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில், தெரபிஸ்ட் பிர்கிட் என் மகள் நிலாவின் இடது கையில் தடித்த ஹான்ட்ஷூவை, அதாவது கையுறையை, போட்டுக் கட்டியதும், "தப்பான கைங்க" என்று தமிழிலேயே பதறிவிட்டேன். நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்து அவர் தலையசைத்தார். மூளை முடக்குவாதத்தால் நிலாவின் வலது கை மடங்கியே இருக்கும். தொடுவது இன்ன பொருள் என்று அந்த விரல்களுக்குத் தெரிகிறதா என்பதும் சந்தேகம். நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் இந்தக் கை வேலைக்கு வருமாம்.

நிலக்கரிச் சுரங்க ஊரான எங்கள் நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இடது கை கான்ட்ராக்ட் தொழிலாளி, வலது கை பெர்மனென்ட். வேலை முழுக்க அதற்கு, மரியாதை முழுக்க இதற்கு. கான்ட்ராக்டை கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் பெர்மனென்ட் எழுந்து வரும் என்று கண்டுபிடிக்க இங்கே பெரிய படிப்பு படித்திருக்கிறார்கள்.

நெய்வேலி நகரியத்தில் எதிர் குவார்ட்டர்ஸ் ஸ்டெல்லா அக்கா முள்ளு முறுக்கு சுட்டால் நிலாவுக்குத்தான் முதலில். இவள் இடது கையை நீட்டுவாள். அக்கா தரமாட்டார்.

"பீச்சாங்கையால வாங்கக் கூடாது கண்ணு. அந்தக் கைய நீட்டு. எம்மா நேரமானாலும் நின்னுகினு இருக்கேன்."

"அவளுக்கு முடியலன்னு தெரியாதாக்கா?" என்பேன் எரிச்சலோடு.

"தெரியும். அதுக்காக மரியாதை தெரியாம வளக்கறதா?"

மடங்கிய விரல்களை மெல்லப் பிரித்து, சூடு ஆறாத முறுக்கை உள்ளங்கையில் அழுத்தி வைப்பார். நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை இதே கூத்து.

இங்கே பிர்கிட்டின் துணிப்பையில் பைன் காய், முள்கரண்டி, மர வாத்து. பார்க்காமல் வலது கையால் தொட்டு இன்னதென்று சொல்ல வேண்டும். நிலா ஒன்றையும் சொல்லவில்லை. உணர்வே இல்லையென்றால் வலது கையை விட்டுவிட்டு இடது கையை மட்டும் பழக்கலாம் என்றார் பிர்கிட். எனக்குக் கோபம் வந்தது. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் யார் மர வாத்தைத் தடவிப் பார்த்தார்கள்?

அடுத்த வாரம், ஊர்ப் பார்சலில் மிஞ்சியிருந்த முறுக்கைப் பிர்கிட்டுக்குத் தெரியாமல் பைக்குள் போட்டேன். நிலாவின் வலது கை உள்ளே போய்த் துழாவியது. நின்றது.

"ஸ்டெல்லா ஆன்ட்டி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிர்கிட் பைக்குள் எட்டிப் பார்த்து, சுகாதார விதிப்படி தின்பண்டம் கூடாது என்றார். வலது கைக்குப் பயிற்சி தொடரும் என்றும் சொன்னார். பிறகு நிலாவிடம், "லோஸ்லாஸன்" என்றார். விட்டுவிடு என்று அர்த்தம். இந்த நோயில் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். இடது கை ஜெர்மன் உறைக்குள் சும்மா கிடந்தது. வலது கை பைக்குள் முறுக்கை இறுக்கிக்கொண்டிருந்தது. பிர்கிட் மறுபடியும் சொன்னார். நிலா முயன்றாள். விரல்கள் திறக்கவில்லை.

"அவளுக்கு ஜெர்மன் புரிகிறது அல்லவா?" என்று என்னைக் கேட்டார்.

எங்கள் இருவருக்கும் அந்த வார்த்தை நன்றாகவே புரிகிறது என்றேன்.