நகராத மூலை

கோபாலசிங்கம் இத்தாலியின் பலெர்மோ நகரில் நீச்சல் குளங்களுக்குத் தண்ணீர் சுற்றும் வழி அமைப்பவர். வாடிய சாமிப்பூவைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. அதைத் தூவித்தான் நீரோட்டத்தைச் சோதிப்பார்.

அன்று ஒரு வீட்டின் பழைய குளத்தில் தூவிய பூக்கள் எல்லாம் ஒரே மூலையில் போய் நின்றன. அங்கே தண்ணீர் தேங்கினால் வேலை கைவிட்டுப் போய்விடும். குழாயை அந்த மூலைக்கே திருப்பினார். பூக்கள் அசையவில்லை.

“பூவுக்கும் உங்கட பிடிவாதம் அண்ணை!” என்று கூட்டாளி றஞ்சித் சிரித்தான்.

“பகிடியை விடு. அங்கை இன்னொரு குழாய் வைப்பம்.”

வீட்டுக்கார அம்மாள், சிஞ்ஞோரா, வந்து பார்த்து வெளிறிப்போனார்.

“என் மகன் மூழ்கிய இடம் அது. உங்களுக்கு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. கோபாலசிங்கம் பம்பை நிறுத்தினார். தண்ணீர் அடங்கியது. பூக்கள் மட்டும் மெல்லச் சுற்றத் தொடங்கின.

“றஞ்சித், சாமானைக் கட்டு. இந்த வேலை எங்களுக்கு வேண்டாம்.”