அக்கா வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் மேலே

ஆற்றின் இந்தக் கரையில் நின்றால் சுமங்கலா நாயக்குக்குத் தான் பிறந்த வீட்டின் ஓடு தெரியும். மழைக்காலத்தில் படகு நின்றுவிட்டால் அந்த ஓட்டின் கீழ் போய் உட்கார மூன்று பஸ் மாறி அரை நாள் சுற்ற வேண்டும். அம்மாவும் அப்பாவும் போனபின் அங்கே இருப்பது அக்கா மங்களா மட்டும். சுமங்கலா பொறியாளர். முப்பது வருஷத்தில் வடகன்னட ஜில்லாவில் பதினோரு பாலம் கட்டியிருந்தாள். சொந்த ஊருக்கு ஒன்றும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கேட்டுப் பார்த்தாள். படகில் கடப்பவர்களை மூன்று நாள் எண்ணினாள். நாளுக்கு நாற்பது பேர்.

"நாப்பது பேருக்கு யாராவது பாலம் போடுவாங்களாம்மா?" என்று மேலதிகாரி கோப்பை மூடிவிட்டார்.

எண்ணியதிலேயே பிழை என்று உறைக்க அவளுக்குப் பல வருஷம் ஆயிற்று. அடுத்த முறை கொட்டும் மழையில் குடையோடு நின்று, ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை எண்ணினாள். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டவள், பரீட்சைக்குக் கிளம்பிய பெண்கள், மீன்கூடைக்காரிகள். ஒரே நாளில் இருநூற்றுப் பதினாறு பேர். பாலத்துக்கு அனுமதி வந்தது.

மண்ணைத் துளைத்துப் பார்ப்பதற்கு முன் படகுக்காரரைக் கேட்பது அவள் வழக்கம். இந்தத் துறையின் படகுக்காரர் பொம்மய்யா மழுப்பவில்லை. "இங்க ஆறு வளைஞ்சு வந்து கரையைத் தின்னுதும்மா. எங்கப்பன் காலத்துப் படகுத்துறை இப்ப நடு ஆத்துல கெடக்கு. நாலு கிலோமீட்டர் மேல போங்க, பாறை இருக்கு."

துளைத்தபோது அப்படியே இருந்தது. இங்கே முப்பது மீட்டருக்கும் களிமண்.

"ஆழமா எறக்கினா தூண் நின்னுடும், மேடம்," என்றார் உதவிப் பொறியாளர் வெங்கட்ரமண ஷெட்டி. "உங்க ஊரு. யார் கேக்கப் போறாங்க?"

"தூண் நிக்கும், ஷெட்ரே. கரை நிக்காதே."

பாலத்தின் இடத்தை முடிவு செய்யும் தாளை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பாறை இருக்கும் இடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். சேதி ஊருக்குப் போனதும் அக்காவின் போன் வந்தது.

"ஊருக்கெல்லாம் போட்டே. அக்கா வீடுன்னதும் அளவு பாத்தியா?"

"இங்க போட்டா பத்து வருஷத்துல ரோடு ஆத்தோட போயிடும், அக்கா."

"எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு, தங்கச்சி. பத்து வருஷம் எனக்குப் போதாதா?"

போனை வைத்த பிறகும் சுமங்கலா கையெழுத்தை மாற்றவில்லை. அந்தக் கேள்வி நெஞ்சில் கிடந்து அறுத்தது.

அவள் ஓய்வு பெற்ற வருஷம் பாலம் திறந்தது. கைக்குழந்தையோடும் கூடையோடும் ஜனங்கள் மழையிலும் கடந்தார்கள். மங்களா மட்டும் அதை ஒருநாளும் பார்க்கவில்லை. அந்த நாலு கிலோமீட்டர் சேற்றுப் பாதைக்கு அவள் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சுமங்கலாதான் மாதம் இருமுறை பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பாள். அக்கா சிவப்பரிசிக் கஞ்சியும் மாவடுவும் எடுத்து வைப்பாள். பல மாதம் பாலத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் கஞ்சியை ஊற்றியபடியே மங்களா கேட்டாள்: "கைப்பிடிக்கு என்ன வர்ணம் அடிச்சே?"

"வெள்ளை."

"வெள்ளையா? அழுக்காயிடுமேடி," என்றாள் மங்களா. பிறகு, "எவ்வளவு அகலம், சொல்லு," என்று எதிரே உட்கார்ந்தாள்.