மருமகன் எழுதிய கிளாஸ்

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கிற ஆலை ஒன்றில், தொண்ணூறுகளின் பின்பாதியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு மாதம் பார்ப்போம், லேபிள் ஒழுங்காக அச்சாகி வந்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலும் அதே ஒரு மாதம்தான் கெடு. வேலை நிலைக்கவில்லையென்றால் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

புரோகிராம் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில். எல்லாத் துணிக்கட்டுக்கும் பொதுவான தாய் கிளாஸை, அதாவது அந்த வகையின் வரையறையை, முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார். அதில் அச்சிடும் வேலையைச் செய்கிற மெத்தட், 'பயன்படுத்துமுன் கிருமி நீக்கவும்' என்று லேபிள் அடிக்கும். கிருமி நீக்கிய கட்டுக்கு நான் அதிலிருந்து கிளைக்கும் ஒரு பிள்ளை கிளாஸ் எழுதி, அதில் அதே பெயரில் 'கிருமி நீக்கப்பட்டது' என்று அடிக்கும் மெத்தடை வைத்தேன்.

மருமகன் எழுதியதில் கை வைக்கக் கூடாது. யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அவர் வந்தால் முதலாளியே எழுந்து நிற்பார். என்னென்ன மெத்தட் உண்டு என்று அவர் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. அது போதுமென்று ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதை!

ஒரே ஒரு கட்டுக்கு மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மாதத்தின் கடைசி நாள், நாலு மணி லாரியில் போக வேண்டிய கட்டுகளின் பட்டியல் முழுவதையும் ஓடவிட்டேன். சற்று நேரத்தில் பேக்கிங் அக்கா லேபிள்களோடு வந்து நின்றார்.

"ஏட்டி, ஆவியில வெந்து வந்த துணிய மறுபடி வேக வைக்கச் சொல்லுதே ஒன் மிஷினு!"

முதல்முறையாக அந்த ஃபைலைத் திறந்தேன். தாயின் மெத்தடுக்கு முன்னால் 'விர்ச்சுவல்' என்ற சொல் இல்லை. அது இருந்தால், எந்த வகையின் பெயரில் கூப்பிட்டாலும் பொருளுக்குரிய மெத்தட்தான் ஓடும். பிள்ளையுடையது தாயுடையதை மீறி ஓடுகிற அதுதான் ஓவர்ரைடிங். இல்லாததால் நான் செய்தது வெறும் மறைப்பு. பிள்ளை வகையாகக் கூப்பிட்டால் என்னுடையது ஓடும், தாய் வகையாகக் கூப்பிட்டால் தாயுடையது. தனியாக ஓட்டியபோது பிள்ளை வகையாகக் கூப்பிட்டிருந்தேன். பட்டியலோ எல்லாக் கட்டுகளையும் தாய் வகையாகவே வைத்திருந்தது. வீட்டுக்குள் நான் எவ்வளவு பேசினாலும், வாசலில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்பாதானே போய்ப் பதில் சொல்வார்?

ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அல்லுடுகாரு எழுதுனதுல தப்பாம்மா? மொதல்ல நீ செஞ்சதப் பாரு" என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மருமகனை அப்படித்தான் சொல்வார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பயமும்தான். "அவியளையே கேட்டுருவோம்யா" என்றேன். போன் போட்டுக் கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டு மறுமுனையில் சிரிப்பு.

"அடடா, விர்ச்சுவல் போடாம விட்டது நான்தான். நீங்களே சேத்துருங்க. போனை மாமாகிட்ட குடுங்க."

அப்பாடா! போனை முதலாளியிடம் நீட்டினேன். முதலாளி நின்றபடியே பேசி முடித்து, "போடும்மா அத" என்றார்.

போட்டேன். ஒவ்வொரு லேபிளையும் அக்கா வாசித்துப் பார்த்துதான் ஒட்டினார். லாரி கிளம்பியதும் முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"நாளையிலருந்து அந்த ஃபைலையும் நீயே பாத்துக்க. காலையில எத்தன மணி பஸ்ஸுல வருவ?"

"எட்டு மணி பஸ்ஸுக்கு வாரேன்யா" என்றேன். சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது.