உள்ளே வந்ததும் கழற்றிய பூட்டு

டோர்கெல் ஓலுண்ட் யாரையும் நம்பாத மனிதர். கடையில் வாங்கிய பாலைத் தேதி பார்த்த பிறகும் ஒருமுறை மோந்து பார்ப்பார். எதிர்வீட்டுப் பூனை தன்னை ஏன் அப்படி முறைக்கிறது என்று என்னிடம் விசாரித்திருக்கிறார். ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில் எங்கள் குடியிருப்பில் மாடிப்படியில் ஆள் நடமாட்டம் இருந்தால், அது அடங்கும்வரை கதவைத் திறக்காமல் காத்திருப்பவர்கள் பாதிப் பேர். நானும் அதில் சேர்த்தி. டோர்கெலுக்கு எங்களையும்விட ஒரு பங்கு அதிகம். மனைவி பிரிந்து போனதற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று கேள்வி. அவரிடமே கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வலைத்தளம் கட்டுவது அவர் தொழில். நான் ஓர் அலுவலகத்தில் வலைத்தளங்களைச் சோதித்துக் குறை சொல்கிறவள். அதனால் எங்களுக்குள் பேச்சு உண்டு, சண்டையும் உண்டு.

எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் கீழ்த்தளத்தில், எல்லா வீட்டுக்கும் பொது. முறை வைத்துத்தான் துவைக்க வேண்டும். இந்த ஊரில் விவாகரத்தைக்கூட மன்னித்துவிடுவார்கள், தன் சனிக்கிழமை முறையில் கைவைத்தவரை மன்னிக்க மாட்டார்கள். அந்த முறையைப் பதிவு செய்ய டோர்கெல் ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தார், இலவசமாக. ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் முறைகள் காணாமல் போக ஆரம்பித்தன. குடியிருப்புச் சங்கத்தின் தலைவி குன்போர் அழுக்குத் துணியோடு கீழே போனால், அங்கே வேறு யாரோ துவைத்துக்கொண்டிருப்பார்கள். தளத்தில் பார்த்தால் ‘ரத்து செய்தவர்: குன்போர்’ என்று இருக்கும்.

“நான் ரத்து பண்ணேனாம். எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று அவள் படிக்கட்டில் நின்று பொரிந்தாள்.

சந்தேகம் ஷிலான் மேல் விழுந்தது. நார்வேக்கு வேலைக்குப் போன ஒருவரின் வீட்டில் வாடகைக்கு இருந்த பெண். முதியோர் இல்லத்தில் மாறி மாறி வரும் வேலை நேரம். அதனால் ஓயாமல் தளத்தைப் பார்த்து, காலியாகும் முறையை உடனே பிடித்துக்கொள்வாள். அவள் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை என்று குன்போர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் சங்கம் அனுமதி தர வேண்டும். இந்த வருஷம் ஷிலானுக்குத் தருவதில்லை என்று பேச்சு கிளம்பியது. அனுமதி இல்லையென்றால் ஷிலானுக்கு வீடு இல்லை. இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

“உன் தளத்துல ஓட்டை இருந்தா?” என்று டோர்கெலிடம் கேட்டேன்.

“ஆனெலி, உள்ள நுழையற பக்கம் பூட்டின பக்கம். ஒருத்தரோட கடவுச்சொல்லும் வெளிய போகாது. அவதான் எல்லார் பின்னாடியும் நின்னு எட்டிப் பார்த்திருக்கா.”

“அத்தனை பேர் பின்னாடியுமா?”

“நீ ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசறே?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் கண்முன்னாலேயே என் மடிக்கணினியில் தளத்தைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்கும்போது முகவரிக்குப் பக்கத்தில், போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு அடையாளமான பூட்டுப் படம் இருந்தது. உள்ளே போய்ப் பதிவுப் பக்கம் வந்ததும் பூட்டைக் காணோம்.

“இங்க ஏன் பூட்டு இல்ல?”

“துவைக்கிற நேரத்துல என்னம்மா ரகசியம்? சர்வர் பழசு. எல்லாப் பக்கத்தையும் பூட்டினா நத்தை மாதிரி நகரும். அதான் வாசல்ல மட்டும் பூட்டு, உள்ள வந்ததும் சாதாரணப் பக்கத்துக்கு மாத்திவிட்டுடுவேன். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க.”

எல்லாரும் செய்தார்கள், வாஸ்தவம்தான். மறுநாள் அவரைக் கீழ்த்தளத்துக்கு இழுத்துப் போனேன். அங்கே கடவுச்சொல் இல்லாத வைஃபை, விருந்தாளிகளுக்கும் சேர்த்து. காற்றில் போகிற தகவலைப் படிக்கும் நிரல் ஒன்றை என் கணினியில் ஓடவிட்டேன். அவர் தன் கணினியில் உள்ளே நுழைந்தார். கடவுச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் இளித்தார். பதிவுப் பக்கத்துக்கு மாறிய உடனே, ‘இவர் டோர்கெல்தான்’ என்று தளம் கொடுத்திருந்த குக்கி என் திரையில் திறந்தமேனிக்கு வந்து விழுந்தது. அந்த அடையாளச் சீட்டை நான் போட்டுக்கொண்டதும் தளம் என்னை டோர்கெல் என்று வரவேற்றது. அவருடைய ஞாயிற்றுக்கிழமை முறையை அழித்தேன். ‘ரத்து செய்தவர்: டோர்கெல்.’

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அப்புறம் கேட்டார்: “இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

இப்போது சந்தேகத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார், பாவி மனுஷன்.

சங்கக் கூட்டத்தில் மென்று முழுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் காபியும் பன்னும் சுற்றி வரும்போதே எழுந்து நின்று, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். எல்லாப் பக்கத்தையும் அன்றைக்கே பூட்டிவிட்டதாகவும் சொன்னார்.

“அப்ப யார் பண்ணது?” என்றாள் குன்போர்.

“தெரியாது. கீழ கணினியோட உக்காந்திருந்த யார் வேணாலும்.”

கூடத்தில் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். ஷிலானுக்கு அனுமதி கிடைத்தது. கைகள் அரைமனதாகத்தான் உயர்ந்தன.

கூட்டம் கலைந்ததும் ஷிலான் நேராக டோர்கெலிடம் வந்தாள். நான் பக்கத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“என் முறையும் மூணு தடவை அழிஞ்சுது. தளத்துல நீங்க பார்த்திருப்பீங்களே?”

“பார்த்தேன்.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“நீயே அழிச்சிட்டு நாடகம் ஆடறேன்னு நினைச்சேன்.”

“இப்பவும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. அது வாயில் வர அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அதற்குள் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கோப்பையைக் கீழே போட்டேன்.

எல்லாப் பக்கத்துக்கும் பூட்டு போட்ட நாளிலிருந்து யாருடைய முறையும் காணாமல் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஷிலான் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள், அனுமதி கையில் இருந்தும். எங்கே போனாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை நானும் குன்போரும் டோர்கெலும் கீழே இருந்தோம். குன்போர் துணியை இயந்திரத்தில் திணித்துக்கொண்டே நிம்மதியாகப் பேசினாள்.

“பார்த்தியா, அந்தப் பொண்ணு போனா, எல்லாம் சரியாப் போச்சு.”

“அவ போறதுக்கு ரெண்டு வாரம் முந்தியே நின்னுபோச்சு, குன்போர்,” என்றேன்.

“ஆமா, மாட்டிக்கிட்டோம்னு பயந்து நிறுத்தியிருப்பா.”

நான் டோர்கெலைப் பார்த்தேன். ஷிலானின் முறையும் மூன்று தடவை அழிந்ததைத் தளத்தில் பார்த்தவர் அவர், அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் துண்டுகளை மடித்து ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.