ஸ்டேடியத்துக்குள் போன சுடுகாட்டு வழி

சுடுகாட்டுக்குப் போகும் வழியைப் பூட்டியது நீங்கள்தான், தலைவரே. நம் ஊராட்சிக்குத் தலைவராக இருந்து நீங்கள் வாங்கிக் கொடுத்த பூட்டுதான் அந்த இரும்பு கேட்டில் தொங்குகிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். மாரமங்கலம் போகும் வழியில், எஸ்டேட் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே ஒரு கால்பந்து மைதானம். எங்கள் சரிவில் சமமாகக் கிடந்த இடம் அது ஒன்றுதான். அதற்குக் கீழே காப்பிக் காடு. அதையும் தாண்டி சுடுகாடு. பிணம் மைதானத்தின் நடுவாகத்தான் போகும். யாரும் போட்ட சட்டம் இல்லை, நேர் வழி, அவ்வளவுதான்.

ஆட்டம் நடக்கும்போது மேலே மேளச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவோம். பந்து யார் காலில் இருக்கிறதோ அவன் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பான். பாடை தாண்டும். கொட்டிய பொரியைக் காலால் ஒதுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆடுவோம். ஒருமுறை ஏற்காட்டிலிருந்து வந்த டீம்காரன் சிரித்தான்.

"என்னங்கடா, பொணத்துக்கு ஹாஃப் டைம் வுடறீங்க?"

"நீயி இன்னும் கொஞ்ச நேரம் இந்த ஆட்டம் ஆடுனா உனக்கும் வுடுவோம்" என்றான் எங்கள் கோல்கீப்பர்.

நான் லெப்ட் பேக். என் அப்பா எஸ்டேட்டில் காப்பிப் பழம் அரைக்கும் பல்பர் கொட்டகையில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வருவார். கால்பந்து விதி ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. கத்த மட்டும் தெரியும். "பந்தப் பாரு கண்ணு! கீழ குனிஞ்சு காப்பிப் பழமா பொறுக்கறே?"

ஸ்டேடியம் வருகிறது என்றபோது இடம் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். சேலத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்ததில் வாந்தி எடுத்து, முகம் வெளிறிப்போயிருந்தது. வரைபடத்தை விரித்து, "இதுல பாதை ஏதாவது போகுதா?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னீர்கள்: "பாதையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். மாடு மேயற எடமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அப்போது டீம் கேப்டன். நானும், "இல்லீங்க சார்" என்றேன்.

பிணம் போகும் வழி என்று தெரிந்தால் அந்த ஆள் முகத்தைச் சுளித்து ஸ்டேடியத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார் என்று பயந்தோம். எங்களுக்கு கேலரி வேண்டும், கூரை வேண்டும், வலை கிழியாத கோல்போஸ்ட் வேண்டும். கட்டி முடித்த பிறகு பழையபடி போய்க்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தோம். எல்லாம் வந்தது. சுற்றிலும் கம்பி வேலியும் வந்தது, கேட்டும் வந்தது. மாடு புல்லைத் தின்கிறது என்று நீங்கள் பூட்டும் போட்டீர்கள்.

போன மாதம் அப்பா இறந்தார். ஸ்டேடியம் வந்த பிறகு எங்கள் லைனில் முதல் சாவு. மத்தியானம் பாடையைத் தூக்கினோம். முன்னால் நான் ஒரு தோள். கேட்டுக்கு வந்தோம். பூட்டு. வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நான் சேலத்துல இருக்கறனுங்க. அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. சாவி பையிலதான் இருக்குது. கடைசி பஸ்ஸுக்குத்தான் வருவனுங்க."

உங்களுக்குப் போட்டேன். பூட்டை உடைக்கட்டுமா என்று கேட்டேன்.

"உடைச்சா கேஸ் ஆயிருமுங்க தம்பி. ரோட்டுல சுத்திக் கொண்டு போயிருங்க. நொம்ப தூரமா என்ன?"

பாடையைக் கீழே வைக்கக் கூடாது என்றார்கள். அதனால் தூக்கியபடியே திரும்பினோம். தார் ரோடு, மூன்று வளைவு. பின்னால் டூரிஸ்ட் கார்கள் ஹாரன் அடித்தன. ஒரு காரில் கண்ணாடியை இறக்கி போனில் படம் பிடித்தார்கள். இரண்டாவது வளைவில் பாடை சாய்ந்து அப்பாவின் கால் துணிக்கு வெளியே வந்தது. சித்தப்பா அதை உள்ளே தள்ளினார். நான் பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. தோள் வலித்தது. ரோட்டில் இருந்த வெள்ளைக் கோடு தெரிந்தது. கொள்ளி வைத்ததுகூட வேறு யாரோ வைத்ததுபோல் இருந்தது. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. சோறு தின்கிறேன், மிளகு பறிக்க மரம் ஏறுகிறேன், இறங்குகிறேன். மைதானத்துக்குப் போகவில்லை.

நேற்று அம்மா கேட்டாள். அவள் படுக்கையில் விழுந்து நாளாகிறது. "என்னையும் ரோட்டுலதான் கொண்டு போவீங்களா சாமி?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினீர்கள். வர மாட்டேன். அடுத்த கிராம சபைக்கு வருகிறேன். பாதை இல்லை என்று நான் சொன்ன பொய்யை எல்லார் முன்னாலும் நானே முதலில் சொல்கிறேன். அதன் பிறகு மைக்கை நீங்கள் வாங்குங்கள். பாதை உண்டா, இல்லையா? உண்டு என்றால் அந்தப் பூட்டை எந்த நாளில் எடுப்பீர்கள்? லைன் ஜனம் மொத்தமும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.