கடைசிக் கண்ணியில் விட்ட பெயர்

அவர் கழுத்தில் கிடந்த பச்சைத் துண்டை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பாட்டின் நடுவே அதை உருவி இடுப்பில் கட்டினார் என்றால் பறை நின்றுவிட வேண்டும். அடுத்து வருவது கடைசிக் கண்ணி, பெயர் சொல்லும் கண்ணி. ஏரியைத் தூர்க்கிறவனோ, மலையை வெட்டி லாரியில் ஏற்றுகிறவனோ, அவன் யாரென்று ஊர்க்காரர்களிடமே கேட்டு, அந்த ஊர் மேடையிலேயே மைக்கில் பாடுவது எங்கள் குழுவின் வழக்கம். அதற்காகவே ஜனங்கள் வருவார்கள். நாங்கள் அவரை வாத்தியார் என்போம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை, எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

நான் பின்பாட்டு. அடி அண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டம் முண்டியடிக்கிற கிரிவலப் பாதையோரத்தில்கூட அவர் பின்னால் நின்று தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன். "முன்பாட்டு இன்னா சொல்லுதோ, அதையே பின்பாட்டு மூணு தபா சொல்லணும். நடுவுல யோசிக்கிறவங்களுக்கு என் மேடையில எடமில்ல" என்பார். ஊரையெல்லாம் யோசிக்கச் சொல்லிப் பாடிய மனுஷன் எங்களை மட்டும் யோசிக்காதே என்றார். அது எனக்கு உறைக்கவே இல்லை. தாளம் தப்பாமல் பாடுகிறோம் என்று பெருமை வேறு, கேடு!

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். ஏரித் தண்ணீரை நம்பித்தான் அப்பா நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிர் வைத்தார். அந்த ஏரியில் மனை வியாபாரி ஒருவர் லாரி லாரியாக மண் கொட்ட ஆரம்பித்தார். மனுக் கொடுத்தால், யார் கொட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று ஆபீசில் கையை விரித்தார்கள். ஊருக்கே தெரியும், ஆனால் வாயைத் திறக்கப் பயம். மைக்கில் அந்தப் பெயர் ஒருமுறை கேட்டுவிட்டால் பயம் விட்டுப்போகும், மறுநாளே லாரியை மறித்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். வாத்தியாரை அழைத்துப் போனது நான்தான். நம்ம பொண்ணு கூட்டியாந்துட்டா என்று அப்பா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஏரிக்கரையில் சாயங்காலம் மேடை. அன்று காலையிலேயே வியாபாரியின் ஆட்கள் டவுனில் வாத்தியாரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பாட்டு ஏறியது. துண்டை உருவிக் கட்டினார், பறை நின்றது. முன்வரிசையில் இருந்த அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "வானம் செஞ்ச குத்தமடி, மழை மறந்த குத்தமடி" என்று பாடினார் அந்த மகராசன். பெயர் வரவில்லை. அவர் இழுத்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பழகின வாய் திறந்துகொண்டது. என் ஊருக்கு எதிரில் நின்று, மழைதான் குற்றவாளி என்று மூன்று தடவை பாடினேன், தாளம் தப்பாமல்.

கூட்டம் கலைந்தது. அப்பா மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "மூணு தபா பாடுனியே, ஒரு தபாகூடவா அந்தப் பேரு உன் வாயில வரல?" என்றார். வாத்தியாரை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, என்னைத்தான் கேட்டார்.

மறுநாள் லாரி வந்தது. மறிக்க யாரும் போகவில்லை. ஏரி மனையாகி, கல் நட்டு, விற்றும் போனது. மூலை மனை வாத்தியாரின் மனைவி பேரில் பதிவானதாக ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் கிணறு வற்றிய பிறகு அப்பா நிலத்தை விட்டுவிட்டு டவுனில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நான் குழுவை விட்டேன்.

இப்போது வாத்தியாருக்கு மணிவிழாவாம். விழா மலர் போடுகிறார்களாம். போன வாரம் அவரே போனில், "மனசுல பட்டத ஒரு பக்கம் எழுதிக் குடும்மா" என்றார். வெட்கங்கெட்ட ஜென்மம்! எழுதிவிட்டேன். இதை அவர் போடமாட்டார், நானும் விடமாட்டேன், வேறெங்காவது கொடுப்பேன்.

எழுதியதை இன்று காலை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்த மனை வியாபாரியின் பெயர் இதில் எங்கேயும் இல்லை. என் மகள் அந்த வியாபாரி நடத்தும் பள்ளியில்தான் டீச்சராக இருக்கிறாள். அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை அவர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது.