விட்டுப் படித்த வரி

அரியலூர் பஸ் ஸ்டாண்டில், டீக்கடைக்குப் பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத சுவரோரமாக என்னைக் கூட்டிப்போய், அண்ணன் அந்தப் பழுப்புக் கவரை நீட்டினான். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. வருகிற தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு திருச்சியில், கட்டி இருக்கிறதென்று அவனுடைய வலது விரையை அறுத்து எடுத்திருந்தார்கள். அம்மாவிடம்கூடக் குடலிறக்க ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். உண்மை தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும். கவரில் இருந்தது, எடுத்ததைச் சோதித்துப் பார்த்து எழுதிய ரிப்போர்ட். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்பதால் அது என் கைக்கு வந்தது.

முதல் பத்தியில், எடுத்த உறுப்பின் நீளம், அகலம், நிறம், அறுத்துப் பார்த்தபோது உள்ளே தெரிந்தது எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. சந்தையில் வாங்கிய பொருளைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. கூடப் பிறந்தவனின் உடம்பைப் பற்றி ஒரு தங்கை படிக்கக்கூடாததைப் படிக்கிறேன் என்று கூசியது. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜெயங்கொண்டம் பஸ் கிளம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் படிக்க வேணாம் பாப்பா. நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லு."

புற்றுநோய்தான் என்று எழுதியிருந்தது. அது டாக்டர் முன்பே சொன்னது. அதற்குக் கீழே, வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்று ஒரு வரி. அதற்கும் கீழே, ரத்தக் குழாய்களுக்குள் நோய் அணுக்கள் புகுந்திருக்கின்றனவா என்ற இடத்தில் ஒற்றைச் சொல்: பிரசன்ட். தினமும் காலையில் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று என்னிடம் சொல்கிற சொல். அதற்கு அர்த்தம் தெரியாமல் போக எனக்கு வழியே இல்லை.

"வெட்டுன ஓரம் சுத்தமா இருக்குன்னு போட்டிருக்குண்ணே" என்றேன்.

"அப்ப முடிஞ்சிட்டுது."

நான் தலையாட்டினேன். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது இருவருக்கும் நினைவிருந்தது. அவன் போகவில்லை. நல்ல சேதிக்கு எதற்கு இன்னொரு நாள் லீவு என்றான். நானும் வற்புறுத்தவில்லை. அவன் முகம் அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் தெளிந்திருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். ஆனால் வகுப்பில் வருகை எடுக்கும்போது பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டேன்.

மூன்றாவது மாதம் அவனுக்கு முதுகு வலித்தது. லாரி சீட்டு சரியில்லை என்று சொல்லித் தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டான். பிறகு உட்காரவே முடியவில்லை என்றான். அன்று பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கே போய், அவன் வண்டிக் கதவோரம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டான்.

"படிச்ச அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. "படிக்காதவன்ட்ட காட்டியிருந்தா, தெரியலன்னாவது சொல்லியிருப்பான்" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினான்.

மறுநாள் திருச்சியில் டாக்டர் அதே தாளை மேசையில் விரித்து, பென்சிலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். ஓரம் சுத்தம் என்றால் வெட்டிய இடத்தில் மிச்சம் இல்லை, அவ்வளவுதான். அதற்கு முன்பே ரத்தத்தோடு கிளம்பிப் போனதைப் பற்றி அந்த வரிக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்வது அடுத்த வரி. ஸ்கேனில் முதுகுத்தண்டை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் நோய் பரவி வீங்கியிருந்தன. "அப்பவே வந்திருந்தா இத்தன மருந்து தேவப்பட்டிருக்காதோ என்னவோ. இப்பவும் குணப்படுத்துற நோய்தான்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போய்த் திரும்ப வந்தது. விரல் நுனியில் மரத்துப்போன உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. திருமழபாடியில் இருந்த பெண் வீட்டுக்கு அவனே போய் உண்மையைச் சொன்னான், கல்யாணம் நின்றது. அம்மாவிடமும் அவனே சொன்னான். என்னிடம் அவன் ஒருநாளும் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த ரிப்போர்ட்டையும் என் கையில் கொடுத்ததில்லை. வருஷம் தவறாமல் போய், டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொண்டு வருவான்.

ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று. போன வாரம் பள்ளி இடைவேளையில் போன் செய்தான். டாக்டர் ஊரில் இல்லை, ஸ்கேன் தாளை மட்டும் கொடுத்துவிட்டார்கள் என்றான்.

"நான் எழுத்துக்கூட்டிச் சொல்றேன். நீ ஒண்ணும் விடாம சொல்லு."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொண்டேன். முழு வரியும் சேர்ந்ததும் படித்துப் பார்த்தேன். அப்படியே சொன்னேன்: "நுரையீரல்ல புதுசா சின்னதா ஒண்ணு தெரியுதாம்ணே. என்னன்னு இப்ப சொல்ல முடியலயாம். சீக்கிரம் திரும்பப் பாக்கணும்னு போட்டிருக்கு."

அவன் தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி. திங்கக்கிழம லீவு போடு. நீயும் வா."